குறைபட்ட துப்பாக்கியும் நிறைவான சட்டமும்



நமது கடலூர் மாவட்டத்தின் வரலாற்றில் வெடிமருந்தின் வாடை சற்று மிகுதி. 1690-ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்துப் பெறும் நிலத்தின் எல்லையை அன்று எவரும் கயிறு பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்கு உரியது என்பதே பேச்சு. அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் பெற்றன. பின்னர் 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதினர். அடுத்த ஆண்டே கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிற்று. இத்தகைய மண்ணில் பழைய இரும்பைத் தோண்டினாலும், பழைய பேழையைத் திறந்தாலும் ஓர் ஆயுதம் தலைகாட்டுவது வியப்பன்று.

பழையதன்மீது மனிதனுக்கு இயல்பாகவே ஒரு மோகம் உண்டு. நாணயம், கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, பித்தளைக் கூஜா ஆகியவற்றைச் சேர்ப்போர் நம்மிடையே பலர். அவற்றை வாங்குவதில் பொருள் நட்டம் ஏற்படலாம். அதற்கு மேல் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் சேகரிப்பு ஆசை ஆயுதத்தின் பக்கம் திரும்பும்போது நிலைமை வேறு.

குள்ளஞ்சாவடிப் பக்கத்துச் சகோதரர் ஒருவர், பல்லாண்டுகள் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர், அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். "ஹஜ்ரத், பழைய ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. வெள்ளைக்காரர் காலத்துப் பொருள். தோட்டா உருளை இல்லை, பிடியின் ஒரு பக்கத்துக் கட்டை இல்லை, குதிரையும் முறிந்துள்ளது. சுடவே முடியாத வெறும் இரும்புதான். அவர் கேட்கும் விலை தகுமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்" என்றார்.

அவர் விலையைப் பற்றி மட்டுமே கேட்டார். ஆனால் இத்தகைய பொருளை எடைபோட மூன்று வினாக்கள் உள்ளன. இதை நான் வைத்திருக்க முடியுமா? இது சொல்லப்படுகிற பொருள்தானா? இதன் மதிப்பு என்ன? இந்த வரிசை மாறக்கூடாது. முதல் வினாவுக்கு விடை கிடைக்காதவரை மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே வீண்.

சட்டத்தின் பார்வையில்

"சுட முடியாத துப்பாக்கி துப்பாக்கியே அன்று" என்பது மக்களிடையே பரவலாக உள்ள எண்ணம். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், துப்பாக்கியை மட்டுமன்றி அதன் உறுப்புகளையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. தனித்துக் கிடக்கும் குழலும், தனித்துக் கிடக்கும் தோட்டா உருளையும் அந்த வரையறைக்குள் அடங்கும்.

அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு சில விலக்குகளை அளிக்கிறது என்பது உண்மையே. வழக்கொழிந்த அமைப்புடைய, அல்லது தொன்மை மதிப்புடைய, அல்லது பழுதுற்ற ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதனோடு ஒரு நிபந்தனையும் பிணைந்துள்ளது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும். 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று சுடுமா என்பதன்று சட்டம் கேட்கும் கேள்வி. செப்பனிட்டால் சுடுமா என்பதே. இல்லாத உருளையை வேறோர் உருளையால் நிரப்பலாம் என்றால், முறிந்த குதிரைக்கு வேறொன்று பொருத்தலாம் என்றால், அந்தப் பொருள் விலக்கின் நிழலுக்குள் வராது. சிறு உறுப்புகளுக்கும் இதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அவற்றை நிறைவு செய்யும் மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக்கூடாது. அந்த மற்ற உறுப்புகள் நம்மிடம் இருந்தாலும் ஒன்றே, பிறரிடம் இருந்தாலும் ஒன்றே.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் உரிமமின்றி வாங்கி வைத்திருக்க இடமளித்தது. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் "இப்போது தடையே இல்லை" என்று பேசுகிறார்கள். அதே விதி, அவற்றைப் பயன்படுத்தவும், உடன் கொண்டு செல்லவும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும் என்கிறது. அப்படியானால் வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே உரிமத்துக்கு உட்பட்ட செயலாகிறது. மேலும், ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி அரும்பொருள் வகையில் சேருமா என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லோ வாங்குபவரின் விருப்பமோ முடிவு செய்துவிடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும்.

ஆங்கிலேயப் படையினர் ஏந்திய ரிவால்வர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை .455 அல்லது .380 என்னும் அளவுத் தோட்டாக்களை ஏற்பவை. படைத்துறைத் தோட்டாவை ஏற்கும் இந்த அளவுகளைச் சாதாரணக் குடிமகன் பெறும் உரிமத்தில் சேர்க்க முடியாது. எனவே, உரிமம் உடையவர்கூட, "என்னிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்று எண்ணி இவற்றை வாங்கிவிட இயலாது. அன்றியும், 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையும் அத்திருத்தத்தால் கடுமையாயிற்று. குறைந்தது இரண்டு ஆண்டுகள், ஐந்து ஆண்டுகள் வரை நீளலாம், அபராதமும் உண்டு.

பட்டறையின் வாசலில்

சுரங்க நகரை அடுத்து வாழும் நமக்கு லேத்துப் பட்டறை புதிதன்று. எந்த இரும்பு உறுப்பையும் மாதிரி காட்டிக் கடைந்து வாங்கிவிடலாம் என்ற துணிவு நம் இளைஞர்களிடம் உண்டு. மோட்டாருக்கும் பம்புக்கும் அந்தத் துணிவு நன்று. துப்பாக்கிக்கு அது பேராபத்து.

இல்லாத உருளையைப் பட்டறையில் செய்து பொருத்துவது வெறும் பழுதுபார்ப்பாகத் தோன்றலாம். உரிமமின்றி ஆயுதம் செய்வதும் செப்பனிடுவதும் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்கு மாறான குற்றங்கள். அவற்றுக்குரிய தண்டனை இன்று ஏழு ஆண்டுகளில் தொடங்கி ஆயுள் சிறை வரை செல்கிறது. கடைந்து கொடுத்த தொழிலாளியும் கூண்டில் நிற்பார். அலமாரியில் அழகுக்கு வைக்கக் கருதிய ஒருவரின் ஆசைக்கு, நாள் கூலிக்கு உழைக்கும் ஒரு குடும்பம் பலியாக வேண்டுமா?

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அறிவு இதை ஏற்காது. பழைய ரிவால்வர்களுள் பல, கரிமருந்தின் மிதமான விசைக்கென வார்க்கப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அந்த இரும்பு தாங்காது. உருளை வெடித்தால் முதலில் சிதைவது சுட்டவரின் கையும் கண்ணுமே.

பொருள் உண்மையானதா?

சட்டத் தடை நீங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, அது சொல்லப்படுகிற பொருள்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன், உள்ளே மருந்தோ தோட்டாவோ இல்லை என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். வாய்வழியே மருந்து இடிக்கப்படும் பழந்துப்பாக்கிகளில், பல தலைமுறைகளுக்கு முன் இட்ட மருந்து அப்படியே இருப்பது அருங்காட்சியகப் பணியாளர் நன்கறிந்த செய்தி. ஆண்டுகள் கழிந்ததால் அது செத்துவிடுவதில்லை.

ரிவால்வரின் வரலாறு நெடியதன்று. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1835-36-இல் தம் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தின் ரிவால்வரைப் பிரிட்டிஷ் படை 1887-இல் ஏற்றது. எனவே "திப்பு சுல்தான் காலத்து ரிவால்வர்" என்று எவரேனும் சொன்னால், அவர் அறியாதவர் அல்லது ஏமாற்றுபவர். 1799-இல் ஷஹீதான திப்புவின் காலத்தில் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கிகளே.

பொருளின் மேலுள்ள முத்திரைகள் பேசும். 1813-இல் சட்டப்படி நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் முத்திரையில் கிரீடமும் செங்கோல்களும் காணப்படும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரையில் முட்டை வடிவ வட்டத்துக்குள் 'ஈ, எல், ஜி' என்னும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டுவது. சட்டம், உருளை முதலிய பகுதிகளில் ஒரே எண் இருந்தால் அவை பிறப்பிலேயே ஒன்றாய் இருந்தவை. எண்கள் மாறினால் அது பலவற்றிலிருந்து கோக்கப்பட்ட கலவை. முத்திரைகளையும் கண்மூடி நம்பலாகாது. பெஷாவருக்கு அருகிலுள்ள தர்ரா ஆதம் கேல் ஊரின் கைவினைஞர்கள் வெப்ளி ரிவால்வரை அச்சு அசலாகப் படியெடுத்தவர்கள். முத்திரையையும் சேர்த்தே வெட்டினர். எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ இருப்பதைக் கொண்டுதான் அவற்றை இனங்காண்பர்.

இன்னொன்று: பழம்பொருளின் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அதன் மதிப்பை அழிப்பதாகும். முத்திரையும் எண்ணும் தேய்ந்து போகும். மெருகேற்றி விற்கப்படும் ஆயுதம் எதை மறைக்கிறது என்ற ஐயம் வாங்குபவருக்கு எழ வேண்டும்.

விலை எங்கே இருக்கிறது?

இப்போது சகோதரர் கேட்ட வினாவுக்கு வருகிறேன். உறுப்பு இல்லாத ரிவால்வரின் மதிப்பு, எது இல்லை என்பதைப் பொறுத்தது. ஒரு திருகாணியோ பிடிக்கட்டையோ இல்லையெனில் இழப்பு சிறிது. தோட்டா உருளை இல்லையெனில், ரிவால்வர் என்ற பெயருக்குக் காரணமான உறுப்பே இல்லை; எஞ்சியிருப்பது அதன் எலும்புக்கூடு. முறிந்த குதிரை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும். மேலைநாடுகளில் உதிரி உறுப்புகளை வாங்கிக் குறையை நிரப்பலாம் என்ற கணக்கில் விலை பேசுவர். இங்கே உறுப்பும் ஆயுதமே என்பதால் அந்தக் கணக்கு செல்லாது. குறையோடு வாங்கினால் குறையோடுதான் வைத்திருக்க வேண்டும். அதற்குரிய விலையைத்தான் தர வேண்டும்.

ஆனால் இரும்பின் நிறைகுறையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதை விளக்க இரண்டு ஏலங்களைச் சொல்கிறேன். இரண்டும் பாரிஸ் நகரில் நடந்தவை. இரண்டு துப்பாக்கிகளும் லெஃபோஷே என்னும் பிரெஞ்சு அமைப்பைச் சேர்ந்த 7 மில்லிமீட்டர் ரிவால்வர்கள்.

முதலாவது, 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் கவிஞர் வெர்லேன் தம் நண்பர் ரேம்போவைச் சுட்ட துப்பாக்கி. வெர்லேன் அதை அன்று காலையில்தான் ஒரு கடையில் வாங்கியிருந்தார். துப்பாக்கியின் எண் அக்கடையின் பதிவேட்டில் இருந்தது. 2016 நவம்பரில் அது 4,34,500 யூரோவுக்கு விலைபோனது.

இரண்டாவது, 1890-இல் ஓவியர் வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் துப்பாக்கி. 1960-களில் ஓர் உழவர் வயலில் கண்டெடுத்தது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து துருவேறி, பிடியின் மரம் அழிந்த நிலையில் இருந்தது. கிடைத்த இடமும், தோட்டாவின் அளவும், மண்ணில் கிடந்த காலமும் பொருந்தி வந்தன. ஆனால் அதுவே அந்தத் துப்பாக்கி என்று அறுதியிட்டுக் கூறும் ஆவணம் இல்லை. 2019 ஜூனில் அது 1,62,500 யூரோவுக்குப் போயிற்று.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் இரண்டுக்கும் சில்லறைக் காசுதான் கிடைக்கும். காயல்பட்டினத்தாரின் பெயரால் 'காயலான் கடை' என வழங்குவதாகச் சொல்வார்களே, அந்தக் கடையின் தராசுக்கு வரலாறு தெரியாது. ஏலத்தில் விலைபோனது இரும்பன்று, அதைச் சூழ்ந்த செய்தி. அச்செய்திக்குப் பதிவேடு சான்றளித்தபோது விலை ஒரு மடங்கு. சூழ்நிலை மட்டுமே சான்றளித்தபோது வேறொரு மடங்கு.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1928-இல் லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய கோல்ட் கைத்துப்பாக்கி, இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளியில் பல பத்தாண்டுகள் யாரும் அறியாமல் இருந்தது. மேலே பூசியிருந்த வண்ணத்தைச் சுரண்டி எண்ணைப் படித்து, வழக்கு ஆவணத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் அதன் பெருமை வெளிப்பட்டது. பின்னர் 2017-இல் அது பஞ்சாபின் ஹுசைனிவாலா அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. அந்தத் துப்பாக்கியில் இரும்பு ஒரு குன்றிமணியும் கூடவில்லை. எண்ணும் ஏடும் சந்தித்தன, அவ்வளவே.

ஆகவே, அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: "நீங்கள் உருளை இல்லை, கட்டை இல்லை என்று எண்ணுகிறீர்கள். காணாமற்போன உறுப்புகளுள் மிகப் பெரியதை எண்ண மறந்துவிட்டீர்கள். அதன் பெயர் காகிதம். யாருடைய உரிமத்தில் அது இருந்தது? எப்போது கைமாறியது? இன்று யார் பெயரில் உள்ளது? இவற்றுக்கு ஏடு இல்லையென்றால் அதன் விலை பூச்சியம். அதனால் வரும் செலவோ கணக்கில் அடங்காது."

விற்பவரின் கடமை

குறையுள்ள பொருளை விற்பவர் அக்குறையை மறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும் என்பதும், மறைத்திருந்தால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் விரிவாகக் கூறப்படுபவை. துப்பாக்கி விற்பனையில் மிகப் பெரிய குறை, ஏடு இல்லாமையே. நாட்டுச் சட்டமும் இங்கே தெளிவான வழியை வைத்திருக்கிறது. உரிமம் உடைய ஒருவர் தம் சொந்தத் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுடைய மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் மாவட்ட நிர்வாகத்துறை நடுவராகிய ஆட்சியருக்கோ, அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும்.

"இன்றே பணம் கொடுங்கள், நாளை வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம், "45 நாள் அறிவிப்பின் நகல் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நேர்மையானவர் காட்டுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். அன்று மாலை அந்தச் சகோதரர் இக்கேள்வியைக் கேட்டார். விற்பவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை என்று மறுநாள் வருத்தத்தோடு சொன்னார். நான் வருந்தவில்லை.

வெளிநாட்டில் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: நூறாண்டைக் கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

நம் வீட்டுப் பேழைகள்

வாங்குவதைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் இதைப் படிக்கும் இல்லங்களுள் சிலவற்றுக்கு வாங்காமலே இந்தச் சிக்கல் வந்திருக்கக்கூடும். பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்திருப்பார். அவர் மறைந்த பின் அத்தா அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருப்பார். ஒரு திருகாணி கழன்றிருக்கும், ஓர் உறுப்பு தொலைந்திருக்கும். "உடைந்த பொருள்தானே" என்று அனைவரும் மறந்திருப்பார்கள். விடுமுறைக்கு வந்த பேரன் ஒருநாள் அதைக் கண்டெடுத்து விளையாடுவான். துப்பாக்கி உடைந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும்; அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

உரிமம் பெற்றவர் மறைந்ததும் அந்த உரிமம் பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, ரசீது பெற வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஒப்படைத்தால் உடைமை போய்விடும் என்ற அச்சம் வேண்டா. வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுடைய ஒருவருக்கு விற்கலாம். அந்தத் தொகை மற்றச் சொத்தைப் போன்றே பெண்மக்கள் உட்பட வாரிசுகள் அனைவருக்கும் பங்காகும். காலம் தாழ்த்தினால் மட்டுமே அது அரசுடைமையாகும் நிலை ஏற்படும்.

பொருளுக்கு வரலாற்றுச் சிறப்பு இருக்கிறது என்று கருதினால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை நாடி எழுதலாம். தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் காத்து வைத்திருக்கும் இடம் அது. பேழையில் துருப்பிடிப்பதைவிட அங்கே இருப்பது பாட்டனாரின் பெயருக்கும் பெருமை.

பழைய துப்பாக்கி விலைக்கு வந்தாலும் சரி, பரணிலிருந்து வந்தாலும் சரி, முதலில் தேட வேண்டியது அதன் தொலைந்த உறுப்பை அன்று, அதன் ஏட்டை. இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பரணில் ஏதேனும் இருக்கிறது என்றால் கை வைக்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி முறைப்படி ஒப்படையுங்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வருமுன் அதைச் செய்து முடியுங்கள்.